ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஒரு வரிச்சுருள்

பாலக்கோடு பக்கம் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருக்கும் என்னிடம், கோடை தொடங்கியதும் கருகிய ஸ்டார்ட்டர் காயில்கள் (மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் பெட்டிக்குள் இருக்கும் கம்பிச் சுருள்கள்) வரத் தொடங்கிவிடும். தக்காளித் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் அவசரத்தில், மின்னழுத்தம் குறைந்து ஸ்டார்ட்டர் பிடிக்காதபோது, அதை அழுத்திப் பிடித்து ஒரு குச்சியைச் செருகி வைக்கும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அந்தக் குச்சி என்ன செய்கிறது என்பதை, வரிச்சுருளை, அதாவது குழாய்போல வரிசையாகச் சுற்றிய கம்பிச் சுருளைப் பற்றிப் பள்ளியில் படிக்கும் மாணவர்களால் வீட்டில் எடுத்துச் சொல்ல முடியும் என்பதால் இதை எழுதுகிறேன்.

மின்னோட்டம் பாயும் கம்பியைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாவதை 1820-இல் டென்மார்க் விஞ்ஞானி ஓயர்ஸ்டெட் கண்டறிந்தார். நேரான கம்பியில் அந்தப் புலம் கம்பியைச் சுற்றி வட்ட வட்டமாக அமைகிறது. அதே கம்பியைக் குழாயின்மேல் நெருக்கமாகச் சுற்றினால், அடுத்தடுத்த இரண்டு சுற்றுகளுக்கு இடையே உள்ள புலங்கள் எதிரெதிராக நின்று ஒன்றையொன்று கழித்துவிட, குழாயின் உள்ளே எல்லாச் சுற்றுகளின் புலமும் ஒரே திசையில் கூடிவிடுகிறது. வெளியே அது பரந்து விரிவதால் வலுவிழந்துபோகிறது.

அரை அங்குல பி.வி.சி. குழாயில் 10 செ.மீ. நீளத்துக்கு, எனாமல் என்ற மின்காப்புப் பூச்சோடு சேர்த்து அரை மி.மீ. தடிமனுள்ள செம்புக் கம்பியைச் சுற்றினால் 200 சுற்றுகள் வரும். அதாவது ஒரு மீட்டருக்கு 2000 சுற்றுகள். இதில் ஒரு ஆம்பியர் பாய்ந்தால், சூத்திரத்தில் வரும் மாறிலியான 4π × 10⁻⁷ உடன் 2000-ஐயும் 1-ஐயும் பெருக்க, சுமார் 2.5 மில்லிடெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு) கிடைக்கும். நம் பகுதியில் புவியின் காந்தப்புலம் ஏறத்தாழ 0.04 மில்லிடெஸ்லாதான். சாதாரண 1.5 வோல்ட் செல் ஒன்றே இதற்குப் போதும். தொடர்ந்து விட்டால் கம்பி சூடாகும் என்பதால் உடனே கழற்றிவிட வேண்டும். (இந்தக் கணக்கு நீளமான சுருளுக்கு உரியது, ஸ்டார்ட்டர் காயில் குட்டையானது, இரும்பு உள்ளது, ஆகவே அதற்கு அப்படியே பொருந்தாது.)

என்னிடம் வேலை பழகும் இளைஞர் ஒருவர், காயிலில் கம்பியை அடுக்கடுக்காகச் சுற்றும்போது இரண்டாம் அடுக்கு எதிர்ப்பக்கமாகத் திரும்பி வருவதால் முதல் அடுக்கின் புலம் கழிந்துவிடாதா என்று கேட்டார். கழியாது, அடுக்கு எந்தப் பக்கம் நகர்கிறது என்பதல்ல, கம்பி எந்தத் திசையில் சுழல்கிறது என்பதே கணக்கு. பிறகொரு நாள், நடுவில் அறுந்த கம்பியை ஒட்டவைத்த அதே இளைஞர், அச்சை மறுபக்கமாகச் சுழற்றிப் பாதியைச் சுற்றிவிட்டார். இணைத்துப் பார்த்தபோது, இரு பாதிகளின் புலமும் கழிந்துபோய், காயில் இழுக்க வேண்டிய இரும்பு அசையவே இல்லை.

ஸ்டார்ட்டரில் இந்தச் சுருளின் நடுவே மெல்லிய இரும்புத் தகடுகளை அடுக்கிய உள்ளகம் இருக்கும். காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் அது காந்தமாகி, எதிரே உள்ள அசையும் இரும்பை இழுத்து ஒட்டவைக்கும். அப்போதுதான் மோட்டாருக்கு மின் இணைப்பு கிடைக்கும். மின்சாரம் நின்றதும் காந்தத்தன்மை ஏறக்குறைய மறைந்துவிடும் இரும்பு அது. அதனால்தான் கரண்ட் போனதும் ஸ்டார்ட்டர் தானாக விடுபடுகிறது. மாறுமின்னோட்டம் விநாடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடுவதால், இழுவை அறுந்துபோகாமல் காக்க உள்ளகத்தின் முகத்தில் ஒரு செம்பு வளையம் பதித்திருப்பார்கள். அது உடைந்தால் ஸ்டார்ட்டர் உறுமும்.

இனி, காயில் கருகும் காரணத்துக்கு வருவோம். இரும்பு முழுதாக ஒட்டிக்கொண்டால் சுருளின் மின்தூண்டல் அதிகமாகி மின்னோட்டம் அடங்கிவிடும். மின்னழுத்தம் போதாமலோ, இடையில் பல்லி நசுங்கிக் கிடந்தோ, துரு ஏறியோ சிறு இடைவெளி நின்றுவிட்டால், சுருள் பல மடங்கு மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறி, எனாமல் கருகிப்போகிறது.

குச்சி செருகினால் காயிலின் வேலையைக் குச்சி எடுத்துக்கொள்கிறது. அதிக மின்னோட்டத்தில் மோட்டாரைக் காக்கும் ஓவர்லோட் ரிலே, இந்தக் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துத்தான் மோட்டாரை நிறுத்துகிறது. குச்சி இருக்கும்போது ரிலே துண்டித்தாலும் மோட்டார் நிற்காது. மும்முனை மின்சாரத்தில் ஒரு பேஸ் (முனை) போனாலும் மீதி இரண்டில் ஓடி மோட்டாரின் வைண்டிங் எரியும். கரண்ட் போய்த் திரும்பும் நேரத்தில், தண்ணீர்க் குழாயைக் கழற்றிக்கொண்டிருப்பவர் கையருகே மோட்டார் தானாகச் சுழலத் தொடங்கும்.

ஸ்டார்ட்டர் உறுமினாலோ பிடிக்காவிட்டாலோ, மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கொண்டு இரும்பின் முகத்தைத் துடைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி நாள்களில் எனக்குக் காயில் கட்டும் வேலையே இருக்காது.