எட்டத்தில் வரும் வண்டி

"வண்டி எட்டத்துலதாம்ல வருது, வா" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே மும்பையின் வடாலா ஸ்டேஷனில் தண்டவாளத்தைத் தாண்டுவாள் ஆச்சி. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்கு வந்தவள். இப்படித் தாண்டினால் 6 மாதம் வரை சிறை, 1000 ரூபாய் வரை அபராதம் என்கிறது 1989 ரயில்வே சட்டம். ஆச்சி அதற்குப் பயந்து நான் பார்த்ததில்லை.

மத்திய ரயில்வேக்காக ஃபைனல்மைல் என்ற மும்பை நிறுவனம் 2009 கடைசியில், இப்படித் தாண்டி ரயிலில் அடிபட்டுச் சாவதைக் குறைக்கும் வேலையை வடாலாவில் கையிலெடுத்தது. அபராதத்தைக் கூட்டச் சொல்லவில்லை. தாண்டுகிறவரின் கண்ணுக்கு ரயில் எப்படித் தெரிகிறது என்று பார்த்தார்கள்.

விஷயம் அங்கேதான் இருக்கிறது. பெரிய பொருள் நகரும்போது, அதே வேகத்தில் போகும் சின்னப் பொருளைவிட மெதுவாகப் போவதுபோல நமக்குத் தோன்றும். இதை ரயிலோடு பொருத்தி 1985இல் எழுதியவர் அமெரிக்க உளவியலாளர் லீபோவிட்ஸ். நேரெதிரே வரும் ரயில் இன்னும் மோசம். தூரத்தில் இருக்கும்வரை அதன் உருவம் பெரிதாவதே தெரியாது. கடைசி நொடிகளில்தான் திடுமென்று வளரும். மணிக்கு 80 கிலோமீட்டரில் வரும் வண்டிக்கு 200 மீட்டர் என்பது வெறும் 9 விநாடி. ஆச்சியின் 'எட்டம்' அவ்வளவுதான்.

அதனால் தண்டவாளத்துக்கு அடியிலுள்ள கட்டைகளில் விட்டுவிட்டு மஞ்சள் பெயின்ட் அடித்தார்கள். அந்த மஞ்சள் பட்டைகள் ஒவ்வொன்றாக ரயிலுக்கடியில் மறைய மறைய, வேகத்தை அளக்கக் கண்ணுக்கு ஓர் அளவுகோல் கிடைத்துவிடுகிறது. ஹார்னையும் நீளமாக ஒரே ஊதலாக இல்லாமல், இரண்டு குட்டி ஊதல்களாக மாற்றினார்கள். நடுவில் வரும் அமைதி காதைச் சட்டென்று திருப்பும். அப்புறம் ஒரு படமும் வைத்தார்கள்: ரயில் மோதப்போகும் ஒருவனின் அலறும் முகம். எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கும் அது புரிந்திருக்கும்.

அடுத்த சில மாதங்களில் அங்கே உயிரிழப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. ஒரே ஒரு இடத்துக் கணக்கு என்பதால் இதை வைத்தே எல்லாம் முடிந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் செலவு கொஞ்சம் பெயின்ட்டும் சில படங்களும்தான். எல்லா ஸ்டேஷனிலும் செய்து பார்க்க வேண்டியது என்றே நினைக்கிறேன்.

அதே சமயம், பெயின்ட் இருக்கிறதே, ஏறச் சுலபமான நடைபாலம் எதற்கு என்று யாராவது கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டேன். படியேற முழங்கால் விடாததால்தான் ஆச்சி தண்டவாளத்தில் இறங்கினாள்.