வெளுக்காத பாரிலும் குஞ்சு எண்ணணும்

மே பிறந்தால் எனக்குப் போன் வரத் தொடங்கிவிடும். "கடல் கொதிக்குதே, பவளம் வெளுத்துப் போச்சா?" கேட்பவர்களில் பாதிப் பேர் தொழிலுக்குப் போகிறவர்கள், மீதி கல்லூரிப் பிள்ளைகள். குமரி மாவட்ட எல்லையான நீரோடியிலிருந்து பொழியூர் தாண்டிக் கேரளத்து விழிஞ்ஞம் வரை, கரையோரப் பார்களில், அதாவது கடலடிப் பாறைகளில், முங்கிப் பவளம் கணக்கெடுப்பது என் வேலை. மன்னார் வளைகுடாவில் இருப்பதுபோல நீளமான திட்டு இங்கே கிடையாது. பாறைமேல் அங்கங்கே பொசிலோபோரா என்ற கிளைப்பவளக் கொத்துகள், சில உருண்டைப் பவளங்கள், சுற்றிலும் சிப்பி. இங்கே பவளம் உண்டு என்பதே ஊரில் பலருக்குத் தெரியாது. சிப்பிக்கு முங்குகிறவர்களுக்குத் தெரியும், காலில் கீறல் தழும்பு இருக்கும்.

அந்தக் கேள்விக்கு நான் பல வருஷம் அரைகுறையாகத்தான் பதில் சொல்லிவந்தேன்.

பவளத்தின் சதைக்குள் நுண்பாசி குடியிருக்கிறது. பவளத்துக்குத் தேவையான சக்தியில் 90 விழுக்காடு வரை அது ஆக்கிக் கொடுப்பதுதான். ஓர் இடத்தில் வழக்கமாக மிகச் சூடான மாதம் ஒன்று இருக்குமல்லவா, அதன் சராசரியைவிட 1 டிகிரி கூடி வாரக்கணக்கில் நின்றால் பாசி வெளியேறும், உள்ளிருக்கும் வெள்ளைக்கூடு தெரியும். வெளுத்த பவளம் செத்த பவளமல்ல. சூடு சீக்கிரம் தணிந்தால் பாசி திரும்பி வரும், நீடித்தால் பட்டினியில் சாகும். கூடிய டிகிரியையும் நீடித்த வாரங்களையும் பெருக்கி ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். 4 வந்தால் வெளுப்பை எதிர்பார்க்கலாம், 8 வந்தால் சாவையும். செயற்கைக்கோள் இதை 5 கிலோமீட்டர் கட்டங்களாகத் தருகிறது. நம் கரையிலோ மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று கிளம்பியதும் அடிக்கடலின் குளிர்நீர் மேலேறி வரும். ஒரு பாரில் உடம்பு விறைக்கும், பக்கத்துப் பாரில் அந்தக் குளிர் இருக்காது. வானத்திலிருந்து பார்த்தால் இந்த வித்தியாசம் பிடிபடாது என்பதால், வெப்பமானியைப் பாறையிலேயே கட்டிவைக்கிறோம்.

இனி நான் செய்த தவறு. ஒரு மே கடைசியில் 20 மீட்டர் டேப்பை விரித்து, அதன் கீழே வந்ததையெல்லாம் ஸ்லேட்டில் எழுதினேன். நிறம் நன்றாக இருந்தது, உயிர்ப்பவளமும் நிறைய. 'தாங்கும் திறன் அதிகம்' என்று அறிக்கை போனது. மறு வருஷம் எங்களைக் கூட்டிப்போன சிப்பி எடுக்கும் அண்ணன், படகில் என் ஸ்லேட்டை வாங்கிப் பார்த்தார். "பெருச மட்டும் எண்ணுனா எப்படி மக்களே? குஞ்சு பிடிக்காத கல்ல நாங்க அடுத்த வருசக் கணக்குல சேக்கவே மாட்டோம்." அவர் சொன்னது சிப்பியை. அன்றைக்கே திரும்ப முங்கி, ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தைப் பாறைமேல் நகர்த்தி நகர்த்தி, 5 சென்டிமீட்டருக்குக் குறைந்த பவளங்களைத் தேடினோம். ஒன்றுகூட அகப்படவில்லை. கல் முழுக்கச் சேறு ஏறிய பாசி. பவளக்குஞ்சு ஒட்டுவதற்குச் சுத்தமான, உறுதியான கல் வேண்டும், சேற்றில் அது நிற்காது.

அடி விழும்போது நிற்பது ஒரு திறன், விழுந்தபின் எழுவது வேறொரு திறன். முதலாவதை மட்டும் அளந்துவிட்டு நான் இரண்டுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டிருந்தேன். நம் ஆட்கள் தூண்டில் போடப் போகும் லட்சத்தீவில் 24 ஆண்டு நடந்த ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. 1998, 2010, 2016 என்று மூன்று முறை சூடு தாக்கியது. ஒவ்வொரு முறையும் சாவு குறைந்துகொண்டே வந்தது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் நோஞ்சான் வகைகள் முன்பே போய்விட்டதும் அதற்கு ஒரு காரணம். 1998இல் சுமார் 37 விழுக்காடாக இருந்த பவளப்பரப்பு 2022இல் 20க்கும் கீழே. மீட்சி வேகம் பிடிக்க ஏறத்தாழ ஆறு வருஷம் தொந்தரவு இல்லாமல் கிடைக்க வேண்டும். அந்த ஆறு வருஷம்தான் இப்போது கிடைப்பதில்லை. உலகளாவிய நான்காவது வெளுப்பு நிகழ்வு 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டாலும், 2023 தொடக்கத்திலேயே ஆரம்பித்துவிட்டது. மூன்றாவது 2017 மே மாதம்தான் முடிந்திருந்தது.

அதனால் இப்போது எங்கள் தாளில் நிறத்துக்கு ஒரே பத்திதான். குஞ்சு எத்தனை, எந்த வகை, சேறு எவ்வளவு, கல்லில் படரும் பாசியை மேயும் மீன் உண்டா என்பதற்கே இடம் அதிகம். ஓரா மீன் வேண்டும், கிளி அலகு வாய்கொண்ட மீன் வேண்டும். இதைக் 'கிளிமீன்' என்று எழுதிக்கொடுத்து ஒருமுறை மாட்டிக்கொண்டேன். எல்லைக்கு மேற்கே கிளிமீன் என்றால் சந்தையில் கூறுகட்டி விற்கும் சிவப்பு மீன். எண்ணிக்கை தாறுமாறாக வந்தபிறகுதான் புரிந்தது. இப்போது படத்தைக் காட்டித்தான் கேட்கிறேன்.

முங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். படம் எடுக்கும்போது பக்கத்தில் உள்ளங்கையை வையுங்கள், அளவு தெரியும். பவளத்தை உடைத்து மேலே கொண்டுவர வேண்டாம், வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கும் உயிர் அது. சிக்கிய வலையை இழுக்காதீர்கள், கொத்தோடு பிடுங்கி வரும், துண்டு துண்டாக அறுத்தெடுங்கள். கரை அடையாளங்களை வைத்துக் கணியம் பார்த்து இடத்தைச் சொன்னாலும் போதும். எந்தக் குருசடி எந்த மலைக்கு நேராக வரும் என்று குறித்துக்கொண்டு நான் வந்துவிடுவேன்.

அந்தப் பாரின் நான்கு மூலையிலும் ஆணி அடித்திருக்கிறோம். மழைக்காலக் கலங்கல் தெளிந்ததும் அதே ஆணிகளுக்கு நடுவே சட்டத்தை வைக்கப் போகிறோம். அண்ணனும் வருகிறார், இந்த முறை ஸ்லேட் அவர் கையில்.