கரண்ட் வந்ததும் சில்லரைப் போடலாமா?

கடலூர் சிப்காட், புதுச்சேரியில் சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் என்று தொழிற்பேட்டைகளில் சில்லர் (தண்ணீரைக் குளிர்வித்துத் தரும் பெரிய மெஷின்) வேலை பார்க்கிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகையில்தான் போன் ஓயாது. மே மாத வெயிலில் அல்லவா ஓயாமல் வரவேண்டும் என்று கேட்பீர்கள். வெயிலில் சில்லர் திணறும், ஹை பிரஷர் காட்டி ட்ரிப் ஆகும். ஆனால் ட்ரிப் ஆவது மெஷின் தன்னைக் காப்பாற்றிக்கொள்வது. அதனால் பெரும்பாலும் ஒன்றும் உடைவதில்லை. பெரிய சேதம் வருவது சில்லர் நின்று, திரும்ப ஓடத் தொடங்கும் நேரத்தில். நம் பக்கம் அப்படி நிறுத்தங்கள் அடுத்தடுத்து வருவது புயல் மாதங்களில்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தபின், பல இடங்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கரையேறியது. இந்த மாதிரி நேரத்தில் ஜெனரேட்டர் விளக்கையும் முக்கியமான சில பம்புகளையும்தான் தாங்கும். 500 டன் குளிர்விக்கும் திறனுள்ள சில்லரின் மோட்டார் மட்டும் ஏறக்குறைய 300 கிலோவாட் இழுக்கும். அதனால் எல்லோரும் முதலில் கைவைப்பது சில்லர் பேனலின் மெயின் பிரேக்கரில்தான்.

அந்த பிரேக்கரை இறக்கும்போது பல மெஷின்களில் ஆயில் ஹீட்டரும் சேர்ந்து அணைந்துவிடும். யாரும் கவனிப்பதில்லை, ஏனென்றால் அதற்குச் சத்தம் இல்லை. குளிர்விக்கும் வாயுவை, அதாவது கேஸை, அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸர் நின்றிருக்கும்போது அந்தக் கேஸ் சும்மா இருக்காது. குளிர்ந்த எண்ணெயைத் தேடிப்போய்க் கரையும். ஹீட்டர் எண்ணெயைச் சூடாக வைத்திருப்பது இதைத் தடுக்கத்தான். இரண்டு நாள் ஹீட்டர் இல்லாமல் கிடந்த சம்ப்பில் (எண்ணெய்த் தொட்டியில்) சைட் கிளாஸ் வழியே பார்த்தால் எண்ணெய் மட்டம் வழக்கத்தைவிட உயர்ந்து தெரியும். எண்ணெய் நிறைய இருக்கிறது என்று சந்தோஷப்படுவார்கள். உண்மையில் அதில் பாதி கேஸாக இருக்கலாம்.

அந்த நிலையில் ஸ்டார்ட் கொடுத்தால் சம்ப்பில் அழுத்தம் சட்டென்று இறங்கும். கோலி சோடாவை உடைத்ததுபோல எண்ணெய் நுரைத்துப் பொங்கும். ஆயில் பம்ப் நுரையை இழுக்கும், நுரைக்கு பேரிங்கைத் தாங்கும் சக்தி கிடையாது. இம்பெல்லர் என்ற சக்கரம் சுழன்று கேஸை அழுத்தும் சென்ட்ரிஃபியூகல் கம்ப்ரஸரின் ஷாஃப்ட் நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று சுற்றுகிறது. எண்ணெய்ப் படலம் சில நொடி விட்டுப்போனால் போதும். லோ ஆயில் பிரஷர் ட்ரிப் அடித்தால் அது அதிர்ஷ்டம். ஆனால் அலாரத்தை அழித்துவிட்டு மறுபடி மறுபடி ஸ்டார்ட் அடிக்கும் இடங்களும் உண்டு. மோட்டாருக்கும் அது கேடு. ஒரு மணி நேரத்தில் இத்தனை ஸ்டார்ட்தான் என்று தயாரிப்பாளர் வரம்பு வைத்திருப்பது ஸ்டார்ட் கரண்டில் வைண்டிங் சூடாவதால்.

பெரும்பாலான கையேடுகள் நீண்ட மின்தடைக்குப் பிறகு ஹீட்டரை 12 முதல் 24 மணி நேரம் ஓடவிடச் சொல்கின்றன. உங்கள் மெஷினுக்கு எவ்வளவு என்று கையேட்டைப் பார்த்து பேனல் கதவிலேயே ஒட்டிவையுங்கள். ஏனென்றால் ஈபி சப்ளை வந்த அடுத்த நிமிடம் புரொடக்‌ஷனிலிருந்து போன் வரும். "தம்பி, கரண்ட்தான் வந்துடுச்சே, சில்லரைப் போடுங்க." சி ஷிஃப்டில், அதாவது இரவு ஷிஃப்டில், தனியாக இருக்கும் ஆபரேட்டர், "சார், ஆயில் இன்னும் சூடாகல" என்று சொல்ல அவருக்குப் பின்னால் ஒரு காகிதமாவது நிற்கவேண்டும். மேலாளர் கையெழுத்துப் போட்ட காகிதமாக இருந்தால் இன்னும் நல்லது.

பிரேக்கரை இறக்கவே கூடாதா? இறக்கலாம், ஆனால் கடைசியில். புயல் வருகிறது என்று தெரிந்தால், ஈபி நிறுத்துவதற்கு முன் நீங்களே முறையாக நிறுத்திவிடுங்கள். லோடைக் குறையுங்கள், சென்ட்ரிஃபியூகலில் கேஸ் நுழையும் வழியில் உள்ள கைடு வேன் மூடி வரட்டும், திருகுத் தண்டுகளால் அழுத்தும் ஸ்க்ரூ வகையில் ஸ்லைடு வால்வு லோடு குறைந்த நிலைக்கு வரட்டும். பிறகு பேனலில் ஸ்டாப். கம்ப்ரஸர் முழுவதும் நின்று, ஆயில் பம்ப் தன் நேரம் ஓடி முடிக்கும்வரை காத்திருங்கள். சில்டு வாட்டர் (குளிர்ந்த தண்ணீர்) பம்பும், வெப்பத்தை வெளியேற்றும் கண்டென்சரின் பம்பும் இன்னும் சில நிமிடங்கள் ஓடட்டும். அதன்பிறகு பம்புகளையும், கண்டென்சர் தண்ணீரை ஆற்றும் கூலிங் டவரின் ஃபேனையும் நிறுத்துங்கள். எமர்ஜென்சி ஸ்டாப் எமர்ஜென்சிக்கு மட்டும். ஷிஃப்ட் முடியும் அவசரத்தில் அதை அழுத்துகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். முழு லோடில் ஓடும் கம்ப்ரஸர் சட்டென்று நின்றால் கண்டென்சர் பக்கத்துக் கேஸ் திரும்பிப் பாய்ந்து இம்பெல்லரைப் பின்னோக்கிச் சுற்றவைக்கும். அந்த ஊளைச் சத்தத்தை ஒருமுறை கேட்டவர் மறக்கமாட்டார்.

ஸ்டார்ட் கொடுக்கும்போது வரிசை தலைகீழ்: முதலில் தண்ணீர் ஓட்டம், அது உறுதியான பிறகுதான் கம்ப்ரஸர்.

தண்ணீர் ஓட்டத்தைக் கண்காணித்து, அது நின்றால் கம்ப்ரஸரை நிறுத்தும் ஃப்ளோ ஸ்விட்ச்சைப் பற்றித்தான் எனக்கு அதிக வருத்தம். விலை குறைவான பொருள், மழையில் நனைந்தால் சொதப்பும். உடனே ஒரு ஒயர்த் துண்டை ஜம்பராகப் போட்டு ஸ்விட்ச்சே இல்லாததுபோல் ஆக்கிவிடுவார்கள், தற்காலிகமாக. அந்தத் தற்காலிகம் அடுத்த புயல்வரை அப்படியே இருக்கும். கடலூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இப்படி ஜம்பரோடு ஓடிய மெஷினில், பம்ப் நின்ற பிறகும் கம்ப்ரஸர் இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீர் குளிரும் இடமான இவாப்பரேட்டரின் டியூபில் நின்ற தண்ணீர் உறைந்து டியூப் வெடித்தது. தண்ணீர் கேஸ் பக்கம் புகுந்து கம்ப்ரஸர்வரை போனது. சில்லரை மீட்பதைவிடப் புதிதாக வாங்குவதே மேல் என்ற நிலை.

கடலூர் வெயிலில் தண்ணீர் உறையுமா என்று கேட்பவர்களுக்கு: பல சில்லர்களில் உள்ள கேஸான ஆர்-134ஏ சாதாரண காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியில் கொதிக்கும். கேஜில் சுமார் 1.9 பார் அழுத்தத்துக்குக் கீழே போனாலே அதன் வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழ் இறங்கிவிடும். வெளியே 40 டிகிரி இருந்தாலும் டியூபுக்கு அது தெரியாது. அதன் சுவரும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. மெஷின் ஓடாதபோதும் இது நடக்கும். சர்வீஸுக்காகக் கேஸை இறக்கும்போது சில்டு வாட்டர் பம்பை நிறுத்திவிட்டால், அழுத்தம் இறங்க இறங்க உள்ளே பனிக்கட்டி. கேஸ் இறக்குவதானாலும் ஏற்றுவதானாலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கவேண்டும், அல்லது முழுவதும் வடிக்கப்பட்டிருக்கவேண்டும்.

சிப்காட்டில் மருந்து, ரசாயனத் தொழிற்சாலைகள் நிறைய. அங்கே சில்லர் என்பது ரியாக்டர் ஜாக்கெட்டுக்கு, அதாவது வினை நடக்கும் கலனைச் சுற்றிய உறைக்கு, குளிர்ச்சி. உள்ளே வெப்பம் உமிழும் வினை நடந்துகொண்டிருக்கும்போது சில்லரையும் பம்பையும் பார்க்கும் யூட்டிலிட்டி ஆள் தன் போக்கில் சில்லரை நிறுத்தினால், ரியாக்டர் சூடேறி, சூடேற வினை வேகமாகி, கைமீறிப் போகலாம். எந்த பேட்ச் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று கேட்டு, புரொடக்‌ஷன் பொறுப்பாளர் எழுத்தில் சரி என்று சொன்னபின்தான் கை வைக்கவேண்டும். புயல் எச்சரிக்கை வந்ததும் புதிய பேட்ச் தொடங்காமல் இருப்பது இதைவிட நல்லது, ஆனால் அது என் கையில் இல்லை.

மெஷின் ரூமுக்குள் போகும் விஷயம். ஆர்-134ஏ நச்சு குறைந்தது, எரியாது. அதனால்தான் அசட்டை வருகிறது. அது காற்றைவிடக் கனமானது. தாழ்வான அறையிலும் பள்ளத்திலும் தேங்கி ஆக்சிஜனைத் தள்ளிவிடும். வாசனையும் பெரிதாக இருக்காது. இரண்டு நாள் கரண்ட் இல்லாமல் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றிருந்த அறைக்குள் நேராக நுழையாதீர்கள். கதவைத் திறந்து, ஃபேனைப் போட்டு, மீட்டர் இருந்தால் ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். கேஸ் மிச்சமிருக்கும் லைனில் பிரேசிங் டார்ச் பட்டால் அது சிதைந்து ஹைட்ரஜன் ஃபுளோரைடு வரும், அது நுரையீரலை அரிக்கும். மீன் பதப்படுத்தும் இடங்களிலும் ஐஸ் பிளான்ட்களிலும் உள்ள அமோனியா வேறு கதை. அது உடனே மூக்கில் தெரியும், எரியவும் கூடும், அதற்கு முகமூடியும் பயிற்சியும் தனி.

மின்சாரப் பக்கம் ஒன்று. மோட்டாரை மெதுவாகத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் உள்ள பேனலில் மோட்டார் நின்றிருந்தாலும் டெர்மினலில் வோல்டேஜ் இருக்கும். மோட்டார் வேகத்தை மாற்றும் விஎஃப்டியில் பிரேக்கரை இறக்கிய பிறகும் கெப்பாசிட்டரில் சில நிமிடம் சார்ஜ் நிற்கும். எத்தனை நிமிடம் என்று மூடியிலேயே எழுதியிருக்கும், அதுவரை திறக்காதீர்கள். திறப்பவர் தன் பூட்டை பிரேக்கரில் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். ஜெனரேட்டர் பக்கமும் பூட்டியிருக்கிறதா? மின்தடையில் இந்தப் பக்கத்தைத்தான் மறந்துவிடுவோம்.

கூலிங் டவரை மட்டும் யாரும் நினைப்பதில்லை. ஒரு வாரம் தேங்கிய வெதுவெதுப்பான தண்ணீரில் லெஜியோனெல்லா என்ற கிருமி வளரும். 20 முதல் 45 டிகிரி அதற்குத் தோதான சூடு, அதாவது நம் ஊர்த் தண்ணீர் எப்போதும். ஃபேனைப் போட்டதும் அது நுண்ணிய துளிகளாகக் காற்றில் ஏறும். 1976ல் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களை நிமோனியாவில் தள்ளிய பிறகுதான் இந்தக் கிருமி அடையாளம் காணப்பட்டது. எனவே டவரின் அடித்தொட்டியான பேசினை வடித்து, சேற்றை அள்ளி, கிருமிகொல்லியான பயோசைட் போட்டு பம்பை மட்டும் ஓடவிட்டபின் ஃபேனைப் போடுங்கள். ஆயில் சூடாகக் காத்திருக்கும் நேரத்தில் இந்த வேலையை முடித்துவிடலாம்.