ஒரே டயகிராமில ரெண்டு பேர் கை வச்சால் என்ன நடக்கும்?

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில ஒரு பெடியன், பருத்தித்துறையில ஒரு பெட்டை, ரெண்டு பேரும் சேர்ந்து லைப்ரரிக்கு சொஃப்ட்வெயர் டிசைன் பண்ண யூஎம்எல் கிளாஸ் டயகிராம் (சொஃப்ட்வெயரில வாற விஷயங்களைப் பெட்டியளாயும், அதுகளின்ர தொடர்பை அம்புக்குறியளாயும் காட்டுற படம்) கீறுகினம் எண்டு வைப்பம். ரெண்டு ஸ்கிரீனிலயும் ஒரே படம்தான் தெரியும், ஆனா உள்ளுக்க ஆளுக்கொரு கொப்பி இருக்கு, ஒராள் மாத்தினது இன்டர்நெட்டால மற்ற ஆளுக்குப் போய்ச் சேர கொஞ்ச நேரம் எடுக்கும், சிக்கல் அந்த இடைவெளிக்குள்ளதான்.

'வாசகர்' எண்ட பெட்டிக்குள்ள பெயர், விலாசம், பிறந்த திகதி எண்டு மூண்டு வரி. பெடியன் எல்லாத்துக்கும் மேல 'இலக்கம்' எண்டு ஒண்டைச் சேர்க்கிறான், அதே நேரம் பெட்டை ரெண்டாவது வரியை, அதாவது விலாசத்தை, அழிக்கிறாள். "ரெண்டாவதை அழி" எண்ட செய்தி பெடியன்ர லப்டொப்புக்கு வரேக்க அங்க ரெண்டாவதா நிக்கிறது பெயர். அப்பிடியே கேட்டு நடந்தால் பெயர் போயிடும்.

1989இல எலிஸ், கிப்ஸ் எண்ட ரெண்டு ஆராய்ச்சியாளர் இதுக்கு ஒரு வழி சொன்னவை. மேல ஒண்டு புதுசா வந்திட்டுது, அப்ப "ரெண்டு" எண்டதை "மூண்டு" எண்டு திருத்திப்போட்டு அழிக்கவேணும். ஒப்பரேஷனல் ட்ரான்ஸ்ஃபர்மேஷன் எண்டு அதுக்குப் பேர், கூகுள் டொக்ஸும் இதை வச்சுத்தான் ஓடுது.

மற்ற வழி சிஆர்டிடி, அதாவது கொப்பியள் மோதுப்படாமல் தானாச் சேருற மாதிரி டேட்டாவை வைக்கிற முறை, 2011இல மார்க் ஷப்பீரோ எண்ட ஆராய்ச்சியாளர் ஆக்கள் வடிவா வரையறுத்தது. ஒழுங்கையில "மூண்டாவது வீடு" எண்டு அடையாளம் சொன்னால் நடுவில ஒரு புது வீடு கட்டினதும் பிழைச்சுப்போம், "வாத்தியார் வீடு" எண்டால் எத்தினை வீடு வந்தாலும் பிழைக்காது. அதுமாதிரி ஒவ்வொரு வரிக்கும் பிறக்கேக்கயே மாறாத ஒரு அடையாளம் குடுத்திடுறது. லைன் கட்டானாலும் கீறிக்கொண்டே இருக்கலாம், திரும்பி வந்தாப்பிறகு எல்லாம் சேர்ந்திடும், எங்கட பக்கத்துக்கு இது பெரிய உதவி எண்டு நான் நினைக்கிறன்.

ஆனா ரெண்டு கொப்பியும் ஒண்டாகினால் மொடல் சரியாகிட்டுது எண்டு அர்த்தமில்லை, படிப்பிக்கிறவை கவனிக்கவேண்டிய இடம் இதுதான். பெடியன் 'மாணவர்' ஒரு வகை 'வாசகர்' எண்டு அம்புக்குறி போடுறான், அதே செக்கனில பெட்டை மறுவளமா 'வாசகர்' ஒரு வகை 'மாணவர்' எண்டு போடுறாள். டூல் ரெண்டு அம்பையும் பத்திரமா சேர்த்து வைக்கும், ஒண்டும் துலையாது, ஆனா யூஎம்எல் விதிப்படி அப்பிடி வட்டமா சுத்தி வரக்கூடாது. சில டூல் பிந்தி வந்ததை மட்டும் வச்சிட்டு மற்றதை சத்தமில்லாமல் எறிஞ்சுபோடும், படிக்கிற பிள்ளையளுக்கு அது சரியில்லை. ரெண்டு அம்பையும் சிவப்பில காட்டி விட்டாலே காணும், உடன போன் எடுத்து கதைப்பினம், "பேப்பர் வாசிக்க லைப்ரரிக்கு வாற எங்கட அம்மப்பாவும் மாணவரே?" எண்டு.