பருப்பும் வேகாது, சோப்பும் நுரைக்காது: பெங்களூரு போர் தண்ணியின் வேதியியல்

பெங்களூரில் வீடு தேடும் தமிழர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்பே கேட்டுவிடும் கேள்வி ஒன்று உண்டு: ‘காவிரியா, போரா?’ அதாவது, குழாயில் வருவது காவிரி நீரா, ஆழ்துளைக் கிணற்று நீரா என்று. ஜெயநகர், பசவனகுடி, மல்லேஸ்வரம் போன்ற பழைய பேட்டைகளில் பெரும்பாலும் காவிரி. ஒயிட்ஃபீல்டு, பெல்லந்தூர், சர்ஜாபூர் ரோடு பக்கம் போர்வெல்லும் டேங்கர் லாரியும்தான் பல வருஷங்களாகக் கதி. 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கி, நகரோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களுக்கு நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டர் என்று ஏற்பாடானது. ஆனாலும் எத்தனையோ அடுக்ககங்களில் சம்பு எனப்படும் நிலத்தடித் தொட்டிக்குள் மூன்று தண்ணியும் கலந்துதான் கிடக்கிறது.

பள்ளிக்கூடத்தில் கடின நீருக்கு, அதாவது கால்சியமும் மக்னீசியமும் அதிகம் கரைந்த நீருக்கு, காரணம் சுண்ணாம்புப் பாறை என்று படித்திருப்போம். பெங்களூருக்கு அடியில் இருப்பதோ கிரானைட்டும், ‘நைஸ்’ எனப்படும் வரிப்பாறையும். அப்படியிருக்க, குழாயில் வெள்ளைப் படிவு எங்கிருந்து வருகிறது?

பாறையிலிருந்துதான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது, வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்டுச் சேர்த்து வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொள்கிறது. மண்ணிடுக்குக் காற்றில் இந்த வாயு வெளிக்காற்றில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். இப்படி லேசான அமிலமாக மாறிய நீர், கிரானைட்டில் உள்ள ஃபெல்ட்ஸ்பாரிலிருந்து கால்சியத்தையும், கருநிறக் கனிமங்களிலிருந்து மக்னீசியத்தையும் மெதுவாகப் பிரித்தெடுக்கிறது. ஒரு நாளில் முடிகிற வேலையல்ல. ஆனால் ஆயிரம் அடிக்குக் கீழே பாறை விரிசல்களில் தங்கிக் கிடக்கும் நீருக்கு அவசரம் என்ன? காவிரியும் இதே வகைப் பாறைகள்மேல்தான் ஓடி வருகிறது. ஆனால் அதில் பெரும்பங்கு குடகு மலையில் பெய்து, பாறையோடு அதிகம் பழகாமல் விரைந்து வந்துவிடும் மழை. அதனால்தான் நூறு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து சுமார் 500 மீட்டர் உயரம் ஏற்றிக் கொண்டுவரும் நீர், காலடியில் கிடைக்கும் நீரைவிட மென்மையாக இருக்கிறது.

கடினத்தன்மையை, லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் கால்சியம் கார்பனேட்டுக்குச் சமம் என்று கணக்கிடுவார்கள். இந்தியத் தர நிர்ணயப்படி குடிநீரில் 200 வரை இருக்கலாம். வேறு நீராதாரம் இல்லையென்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். நடுவில் 400 என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 500 லிட்டர் செலவழிக்கும் குடும்பத்தின் குழாய்கள் வழியாக அன்றாடம் 200 கிராம், வருஷத்துக்கு 73 கிலோ சுண்ணாம்புக்குச் சமமானது ஓடுகிறது. பெரும்பகுதி சாக்கடைக்குப் போய்விடுகிறது. தங்கிவிடும் கொஞ்சம்தான் நம்மைப் படுத்துகிறது.

இங்கே, நீரில் கரைந்துள்ள உப்புகளின் மொத்த அளவைக் காட்டுவதாகச் சொல்லப்படும் டி.டி.எஸ். பேனாவைப் பற்றி ஒரு வார்த்தை. ஆர்.ஓ. சுத்திகரிப்பு மெஷின் விற்க வருபவர் அதைத் தம்ளரில் முக்கி, எண்ணைக் காட்டிப் பயமுறுத்துவார். அந்தக் கருவி அளப்பது நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனை மட்டும்தான். கடத்துவது கால்சியமா, சமையல் உப்பின் சோடியமா என்று அதற்குத் தெரியாது. கடினத்தன்மையை அறிய, மீன்தொட்டிக் கடைகளில் கிடைக்கும் சொட்டுச் சோதனை கிட் போதும்: எத்தனையாவது சொட்டில் நீரின் நிறம் மாறுகிறது என்று எண்ணினால் விடை கிடைத்துவிடும்.

இனி குளியலறை. சோப்பு என்பது கொழுப்பு அமிலத்தின் சோடியம் உப்பு. கடின நீரில் ஒவ்வொரு கால்சியம் அயனியும் இரண்டு சோப்பு மூலக்கூறுகளைப் பிடித்து, நீரில் கரையாத பிசுக்காக மாற்றிவிடுகிறது. பக்கெட் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒட்டியிருப்பது அழுக்கு மட்டுமல்ல, வேலை செய்யாமலே செத்துப்போன சோப்பும்தான். 400 அளவுள்ள 15 லிட்டர் பக்கெட் நீர் முழுவதையும் சோப்பால் மென்மையாக்குவதென்றால் ஏறக்குறைய 37 கிராம் சோப்பு வேண்டும். பெரிய சோப்புக் கட்டியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாது. நாம் உடம்பில் ஒட்டியிருக்கும் நீரில் மட்டும் தேய்ப்பதால் அத்தனை வீணாவதில்லை. துணிக்குப் போடும் சலவைத் தூள் சோப்பு வகையைச் சேர்ந்ததல்ல. அதில் கால்சியத்தைச் சமாளிக்கும் பொருள்களும் சேர்ந்திருக்கின்றன. என்றாலும் போர் தண்ணியில் வழக்கமான அளவு போதாமல் போகிறது. பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை ஆறே மாதத்தில் பழுப்பேறுவதில் இதற்கும் பங்குண்டு.

பெரிய சேதம் நடப்பது சூட்டில். நீரில் கால்சியம் பைகார்பனேட்டாகக் கரைந்திருக்கிறது. சூடாக்கினால் கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, கரையாத கால்சியம் கார்பனேட் படிந்துவிடும். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். இதுவோ நேரெதிர், சூடு கூடக்கூடக் கரைதிறன் குறையும். எனவே நீர் எங்கே மிகச் சூடாகத் தொடுகிறதோ அங்கேதான், அதாவது கீசர் காயில் மேலேயே, படிவு கட்டுகிறது. சுண்ணாம்புப் படிவு வெப்பத்தை எளிதில் கடத்தாது. உள்ளே மாட்டிக்கொண்ட காயிலின் சூடு ஏறிக்கொண்டே போய், ஒரு நாள் உறை வெடித்துவிடும். “அக்கா, காயில் போயிடுச்சு, மாத்தணும்” என்று பிளம்பர் சொல்வதன் பின்னணி இதுதான். அதற்குச் சில மாதங்கள் முன்பிருந்தே கீசர் படபடவென்று சத்தம் போட்டிருக்கும்: படிவுக்கு அடியில் சிக்கிய நீர் கொதித்து ஆவியாகும் ஓசை அது. தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் போகாமல் வைத்து, வருஷத்துக்கு ஒரு முறை திறந்து சுத்தம் செய்தால் காயிலின் ஆயுள் நீளும். அப்போதே உள்ளிருக்கும் மக்னீசியம் ஆனோடு கம்பியையும் பார்க்கச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்கென்றே வைத்த கம்பி. தீர்ந்துபோனது தெரியாமலே பல வீடுகளில் தொட்டி ஓட்டையாகிறது. பெங்களூரு மொட்டைமாடிகளின் சோலார் ஹீட்டர்களுக்கும் இதே வியாதிதான். தட்டை வகையில் உள்ள மெல்லிய செம்புக் குழாய்கள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும்.

கொதிக்க வைத்தால் எல்லாக் கடினமும் போய்விடாது. சல்ஃபேட், குளோரைடு வடிவில் இருக்கும் கால்சியம் அப்படியே தங்கும்.

சமையலறையில் இந்தத் தண்ணியிடம் நம் பருப்பு வேகாது, நிஜமாகவே. பருப்பின் செல்களை ஒட்டவைத்திருக்கும் பெக்டினைக் கால்சியம் இன்னும் இறுகப் பிணைக்கிறது. குக்கரில் நாலு விசில் கூடுதலாக விட்டாலும் துவரம்பருப்பு மசியாமல் முழித்துக்கொண்டிருக்கும். ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போட்டால் குழையும். ஆனால் வைட்டமின் பி1 அதில் கொஞ்சம் அழியும். பருப்புக்கும் காபி டிகாக்‌ஷனுக்கும் மட்டுமாவது கேன் தண்ணி எடுப்பது நல்லது. பைகார்பனேட் காபியின் இயல்பான புளிப்பை அடக்கிச் சப்பென்று ஆக்கிவிடும். கும்பகோணத்து மாமியார் வந்து டிகாக்‌ஷனில் குறை சொன்னால், பழியைத் தாராளமாகத் தண்ணி மேல் போடலாம்.

முடி கொட்டுவதற்கு இந்தத் தண்ணியைக் குற்றம் சொல்வது பெங்களூருவாசிகளின் பொழுதுபோக்கு. படிவால் முடி சொரசொரப்பாகி உடையலாம், சிக்கு விழலாம். வேரிலிருந்து கொட்டி வழுக்கையாவதற்கு இதுதான் காரணம் என்பதற்கு உறுதியான சான்றில்லை. தோல் அரிப்பு விஷயத்திலும் நிலைமை தெளிவில்லை: எக்சிமா என்ற தோல் அழற்சி உள்ள 336 குழந்தைகளிடம் இங்கிலாந்தில் நடத்தி 2011-இல் வெளியான ஆய்வில், வீட்டில் நீரை மென்மையாக்கும் சாஃப்ட்னர் கருவி பொருத்தியதால் கூடுதல் பலன் ஏதும் தெரியவில்லை. சிறுநீரகக் கல் வரும் என்ற பயமும் பெரும்பாலும் வீண்தான். உலக சுகாதார நிறுவனம் உடல்நலத்தைக் காரணமாக வைத்துக் கடினத்தன்மைக்கு வரம்பு எதுவும் விதிக்கவில்லை. தண்ணியின் ருசி பிடிக்காமல் குறைவாகக் குடிப்பதுதான் கல்லுக்கு வழி.

சரி, என்ன செய்யலாம்? சாஃப்ட்னருக்குள் இருப்பது ரெசின் மணிகள். ஒவ்வொரு மணியையும் சோடியம் ஏறி உட்கார்ந்திருக்கும் பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்: இருக்கையிலிருந்து இரண்டு சோடியம் எழுந்து இறங்க, அந்த இடத்தில் ஒரு கால்சியம் உட்கார்ந்துகொள்ளும். இருக்கைகள் நிறைந்ததும் உப்புக் கரைசல் பாய்ச்சிக் கால்சியத்தை இறக்கிவிட வேண்டும். கால்சியம் போன இடத்தில் சோடியம் வருவதால் டி.டி.எஸ். எண் இறங்காது. ‘மெஷின் வேலை செய்யவில்லை’ என்று சண்டை போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 400 கடினத்தை முழுக்க நீக்கினால் லிட்டருக்கு 184 மில்லிகிராம் சோடியம் சேரும். ரத்த அழுத்தக்காரர்கள் உள்ள வீட்டில் அதைக் குடிக்க வேண்டாம். குளிக்க, துவைக்க மட்டும். கழுவி வெளியேற்றும் உப்புநீர் கடைசியில் மண்ணுக்கோ ஏரிக்கோதான் போகிறது என்பதும் மனசை உறுத்த வேண்டிய விஷயம். குழாயில் காந்தம் மாட்டும் கருவிகளுக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

ஷவர் துளை அடைத்தால் வினிகரிலோ எலுமிச்சை உப்பிலோ ஊறவைத்தால் போதும். மார்பிள் தரையில் மட்டும் அமிலம் படக்கூடாது. மார்பிளே கால்சியம் கார்பனேட்தான். அமிலத்தை பிளீச்சிங் பவுடரோடு கலக்கவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

எனக்குப் பிடித்த வழி மழை. மழைநீரில் கடினம் இல்லவே இல்லை என்று சொல்லிவிடலாம். நகரில் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆயிரம் சதுர அடி மாடியில் விழுவது மட்டும் 80,000 லிட்டரைத் தாண்டும். முதல் மழையை வெளியே விட்டு, மற்றதை வடிகட்டிச் சம்பில் போருடன் பாதிக்குப் பாதி கலந்தால் 400 என்பது 200 ஆகிவிடும். மெஷினும் வேண்டாம், உப்பும் வேண்டாம். ஆனால் மழைக்காலத்தில் சோதித்த எண்ணை நம்பி சாஃப்ட்னரை செட் செய்துவிட்டு இருந்துவிடாதீர்கள். மார்ச்சில் சம்பில் வெறும் போர் தண்ணிதான் இருக்கும், டேங்கர்காரரும் வாரத்துக்கு ஒரு போரிலிருந்து எடுத்து வருவார். அப்போது மறுபடி ஒரு முறை சொட்டு எண்ணிப் பார்த்து செட்டிங்கை மாற்ற வேண்டும்.