உதிரிக் கட்டைகளும் ஆறு கால் யாளியும்

குழந்தைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபி மையத்தில், அதாவது எழுதுவது, உடுத்துவது, விளையாடுவது போன்ற அன்றாடச் செயல்களுக்கான திறனைப் பயிற்றும் இடத்தில், வேலை செய்கிறேன். பெற்றோர் கைபேசியில் காட்டும் சில படங்கள் எனக்கு நன்றாகப் பழகிவிட்டன. பந்தயக் கார், விண்கலம், நான்கு மாடிக் கோட்டை, எல்லாம் லெகோ போல ஒன்றோடொன்று பொருந்தும் பிளாஸ்டிக் பொம்மைக் கட்டைகளில் பிள்ளை தானாகக் கட்டியவை. "ஒரே நாளில் முடித்துவிட்டான் மேடம்" என்று சொல்லும் அப்பாவின் பெருமிதம் நியாயமானது. ஆனால் அதே பிள்ளையின் முன்னால் ஒரு தாம்பாளம் நிறைய உதிரிக் கட்டைகளைக் கொட்டி, "உலகத்தில் எங்குமே இல்லாத ஒரு விலங்கைக் கட்டு பார்க்கலாம்" என்றால் பல நேரங்களில் கை அசைவதில்லை. "படம் எங்கே மிஸ்?" என்று கேட்கிறான்.

அந்தக் கேள்வியைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். அது பிள்ளையின் குறை என்று நான் கருதவில்லை. பெட்டியோடு வரும் வழிகாட்டிப் புத்தகத்தை மட்டுமே பார்த்து வளர்ந்த பிள்ளை, புத்தகம் இல்லாதபோது வேறென்ன கேட்கும்?

எங்கள் துறையில் பெரும் தாக்கம் செலுத்திய அமெரிக்க அறிஞர் ஜீன் ஏர்ஸ், பழக்கமில்லாத ஒரு செயலைச் செய்யும் திறனை விளக்கியபோது அதில் மூன்று படிகள் இருப்பதாகச் சொன்னார். என்ன செய்யலாம் என்ற எண்ணம் முதலில் தோன்ற வேண்டும். பிறகு எந்த வரிசையில் செய்வது என்று திட்டமிட வேண்டும். கடைசியாகக் கை அதைச் செய்து முடிக்க வேண்டும். வழிகாட்டிப் புத்தகம் முதல் இரண்டு படிகளையும் அச்சடித்தே கொடுத்துவிடுகிறது. பிள்ளைக்கு மிஞ்சுவது மூன்றாவது படி மட்டும். அதிலும் பயன் உண்டு. படத்தைப் பார்த்து அதே போல அடுக்குவது, உற்றுப் பார்க்கும் திறனுக்கும் பொறுமைக்கும் நல்ல பயிற்சி. அதோடு நின்றுவிடுவதுதான் என் கவலை.

கற்பனை விலங்கை நான் விரும்பிக் கேட்பதற்குக் காரணம் இருக்கிறது. கார் என்றால் நான்கு சக்கரம் வேண்டும். மூன்று வைத்தால் தவறு என்று பிள்ளைக்கே தெரியும். தவறு செய்யப் பயந்து கையை மடக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தைகளை நான் நிறையப் பார்க்கிறேன். எழுத்தில் திருத்தம், ஓவியத்தில் திருத்தம் என்று எங்கும் சிவப்பு மையைப் பார்த்தவர்கள் அவர்கள். ஆறு கால் வைத்த டிராகனை யாரும் திருத்த முடியாது. அதற்கு இரண்டு வால் இருந்தாலும் அது சரிதான். ஆனால் அந்த டிராகன் நின்றாக வேண்டும். கற்பனைக்கு எல்லை இல்லாவிட்டாலும் ஈர்ப்பு விசையிடமிருந்து அதனால் தப்ப முடியாது. பெரியவர் யாரும் வாயைத் திறக்காமலே, சரிந்து விழும் கழுத்து பிள்ளைக்குத் தேவையானதைச் சொல்லிவிடுகிறது.

மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போய்வந்த ஒரு சிறுமி, ஆயிரங்கால் மண்டபத்தில் பார்த்த யாளியைக் கட்ட வேண்டும் என்று வந்தாள். சிங்க உடம்பு, யானைத் துதிக்கை, பிதுங்கிய கண்கள். நம் சிற்பிகள் பல விலங்குகளின் உறுப்புகளைச் சேர்த்துப் புது விலங்கைப் படைத்தவர்கள் என்பதால், இந்த விளையாட்டுக்கு யாளியை விடப் பொருத்தமான மாதிரி எனக்குத் தோன்றவில்லை. அவளுடைய யாளிக்கு ஆறு கால்கள். ஏன் என்று கேட்டதற்கு, "மலை ஏறும்போது இரண்டு கால் வலித்தால் மற்ற நான்கில் நடக்கும்" என்றாள்.

அவள் கட்டியதைச் சற்று அருகிலிருந்து பார்ப்போம். முதலில் துதிக்கையை மிகச் சிறிய தட்டைக் கட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் செய்தாள். ஒவ்வொன்றின் மேலும், அடுத்த கட்டையைக் கவ்வும் குமிழ் ஒன்றே ஒன்று. அந்தத் தூண் சற்றுத் தொட்டாலே ஒடிந்தது. மறுபடி அடுக்கினாள், மறுபடி ஒடிந்தது. பிறகு இரண்டு குமிழ் உள்ள கட்டைகளை எடுத்து, ஒன்றின் பாதி மற்றொன்றின் மேல் ஏறி நிற்கும்படி வைத்தாள். துதிக்கை படிக்கட்டு போல வளைந்தும் வந்தது, ஒடியாமலும் நின்றது. சுவர் கட்டும் கொத்தனார் மூட்டுக்கு மேல் மூட்டு வராமல் செங்கல் வைப்பாரே, அதே விதியை அவள் தன் விரல்களால் கண்டுபிடித்தாள்.

துதிக்கை நீண்டதும் யாளி முன்பக்கம் குப்புற விழுந்தது. தலையைக் குறைக்கச் சொல்லலாமா என்று என் நாக்கு துடித்தது. சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, பின்பக்கம் கனமான வால் ஒன்றைச் சேர்த்தாள். யாளி நிமிர்ந்தது. பாரம், எதிர்ப்பாரம் என்ற பாடம் பள்ளியில் வர இன்னும் சில வகுப்புகள் இருக்கின்றன.

இதற்கிடையில் அவள் கைகளில் நடந்தவை எனக்கு இன்னும் முக்கியம். ஒரு கை பொருளை அசையாமல் பிடிக்க, மறு கை கட்டையைப் பொருத்துகிறது. இரண்டு கைகளுக்கும் வெவ்வேறு வேலை. சட்டைப் பொத்தான் போடுவதற்கும், நோட்டைப் பிடித்துக்கொண்டு எழுதுவதற்கும், சப்பாத்தியைப் பிய்ப்பதற்கும் வேண்டிய திறன் இதுதான். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சேர்ந்து பிடிக்கும் பிடியும், 'டக்' என்று உட்காரும் வரை அழுத்தும் அளவான விசையும் எழுதும் கைக்கு அடித்தளம். எழுத்து சரியில்லை என்று நாலு கோட்டு நோட்டில் பக்கம் பக்கமாக எழுதவைப்பதை விட, வாரத்தில் சில மாலைகள் இப்படிக் கட்டவிடுவது பல பிள்ளைகளுக்கு நல்லது என்பது என் அனுபவம்.

இந்தக் கட்டைகள் இப்படிக் கவ்விப் பிடிப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. டென்மார்க்கின் பில்லுண்ட் ஊரில் ஓலே கிர்க் கிறிஸ்டியன்சன் என்ற தச்சர் 1932-இல் தொடங்கிய பொம்மைப் பட்டறைதான் லெகோ. தொடக்ககாலப் பிளாஸ்டிக் கட்டைகள் உள்ளே வெறும் கூடாக இருந்ததால் எளிதில் கழன்றன. அடியில் குழாய்கள் வைத்த இன்றைய வடிவத்துக்கு 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை விண்ணப்பம் போடப்பட்டது. எட்டுக் குமிழ் கொண்ட ஒரே நிறக் கட்டைகள் ஆறு இருந்தால் அவற்றை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதமாக இணைக்கலாம் என்று கோபன்ஹேகன் பல்கலைக்கழகக் கணித அறிஞர் சோரன் ஐலர்ஸ் கணக்கிட்டார். ஆறே கட்டைகள்! "இன்னும் பெரிய பெட்டி வேண்டும்" என்று பிள்ளை கேட்கும்போது நான் பெற்றோரிடம் சொல்வது இந்தக் கணக்கைத்தான்.

விலங்கு ஒரு பிள்ளையின் வேலை என்றால், நிலம் பல பிள்ளைகளின் வேலை. மலை, குகை, எரிமலை, மிதக்கும் தீவு என்று ஒரு பெரிய அடித்தட்டில் கட்டத் தொடங்கினால் பேசாமல் இருக்க முடியாது. "பாலத்துக்கு அடியில்", "குகைக்குப் பின்னால்", "இரண்டு மரத்துக்கு நடுவில்" என்று இடத்தைக் குறிக்கும் சொற்கள் தாமாகவே வருகின்றன. நவராத்திரி கொலுவில் மணல் மலையும் கண்ணாடிக் குளமும் கேழ்வரகு முளைத்த வயலும் வைத்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அந்தப் பூங்காவைப் பிள்ளைகளிடமே விட்டுவிடும் வீடுகளைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு இதை முறைப்படுத்தியவர் டேனியல் லெகாஃப் என்ற உளவியலாளர். அவருடைய காத்திருப்பு அறையில் இரண்டு சிறுவர்கள் லெகோவைக் காட்டி ஒருவரோடு ஒருவர் ஆர்வமாகப் பேசத் தொடங்கியதைக் கவனித்ததில் இந்த முறை பிறந்தது. 2004-இல் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். இந்த முறையில் பிள்ளைகள் குழுவாகக் கட்டுகிறார்கள். ஒருவர் பொறியாளர், படத்தைப் பார்த்து என்ன வேண்டும் என்று சொல்வார். இன்னொருவர் கட்டைகளைத் தேடி எடுத்துக் கொடுப்பார். மூன்றாமவர் பொருத்துவார். சிறிது நேரத்தில் பொறுப்புகள் மாறும். ஒருவர் இன்னொருவரைக் கேட்காமல் வேலை நகராது. இந்தப் பழக்கம் வந்த பிறகு படத்தை எடுத்துவிட்டு, குழு தானாகவே ஒன்றை உருவாக்கும் கட்டத்துக்குப் போகிறோம். எங்கள் மையத்தில் மிகவும் சத்தமான நேரம் அதுதான். இதை மந்திர மருந்தாக யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். ஆய்வுகளில் தெரிந்த முன்னேற்றம் மிதமானது. பிள்ளை விரும்பி வந்து உட்காருகிறது என்பதே எனக்குப் பெரிய பலன்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது, "இது என்ன?" என்ற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிவையுங்கள் என்பது. பாதி கட்டியிருக்கும்போது பிள்ளைக்கே அது தெரியாது. "இது எங்கே தூங்கும்?", "மழை வந்தால் எங்கே போகும்?" என்று கேட்டுப் பாருங்கள். தூங்குவதற்குக் குகை வரும், குகைக்கு மலை வரும், மலைக்கு ஏணி வரும். "யானைக்கு எங்கேயாவது சிறகு இருக்குமா?" என்று தாத்தா ஒருவர் சிரித்த பிறகு, பேரன் அன்று ஒரு கட்டையையும் தொடவில்லை. தாத்தா அன்பானவர்தான், அந்த ஒரு சிரிப்பு போதுமானதாக இருந்தது. நிறம் வாரியாகக் கட்டைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையையும் தடுக்க வேண்டாம். அந்த வரிசையின் ஓரத்தில் நீங்கள் ஒரு சிறு விலங்கை வைத்து, "இந்தச் சாலையில் இது போகலாமா?" என்று அனுமதி கேட்கலாம்.

கட்டியதைப் பசை போட்டு ஒட்டிக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவிடுபவர்கள் இருக்கிறார்கள். என்னால் இதை ஏற்கவே முடியவில்லை. பிரிப்பதும் விளையாட்டில் பாதி. சில நாட்கள் வைத்திருந்து, படம் எடுத்துக்கொண்டு, எப்போது பிரிப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பிரிப்பதைத் தாங்க முடியாமல் அழும் பிள்ளையாக இருந்தால் ஒரு கால், ஒரு சிறகு என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றி, அந்தச் சிறகையே அடுத்த விலங்குக்குக் கொடுக்கலாம்.

பிரிக்கும்போது ஒரு எச்சரிக்கை. ஒட்டிக்கொண்ட தட்டைக் கட்டைகளைப் பிள்ளைகள் பல்லால் கடித்துப் பிரிக்கிறார்கள். முன்பல் நுனி உடையக் கூடும், கட்டை தொண்டைக்குள் போகவும் கூடும். இதற்கென்றே சிறிய நெம்புகோல் போன்ற கருவி இருக்கிறது. பல பெட்டிகளில் இலவசமாகவே வருகிறது. அதைப் பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள்.

மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தை வீட்டில் இருந்தால் சிறிய கட்டைகள் தரையில் கிடக்கவே கூடாது. மூத்த பிள்ளை மேசை மேல், விளிம்புள்ள தாம்பாளத்தில் கட்டட்டும். சின்னக் குழந்தைக்கு டூப்ளோ போல ஒவ்வொரு பக்கமும் இரு மடங்கு பெரிய கட்டைகள் போதும். விழுங்கிய சிறு பிளாஸ்டிக் துண்டு பெரும்பாலும் தானாக வெளியேறிவிடும். சில குழந்தை மருத்துவர்கள் தாங்களே லெகோ பொம்மையின் தலையை விழுங்கிச் சோதித்து 2018-இல் வெளியிட்ட கட்டுரையில், அது வெளியேறச் சராசரியாக 1.71 நாட்கள் ஆனதாகச் சொன்னார்கள். ஆனால் அவர்கள் பெரியவர்கள். பிள்ளைக்கு மூச்சுத் திணறல், தொடர்ந்து எச்சில் வடிதல், வாந்தி, வயிற்று வலி எது இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காந்தத் துண்டோ பொத்தான் பேட்டரியோ விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திருக்காமல் கிளம்புங்கள். இரண்டும் குடலையும் உணவுக்குழாயையும் துளைத்துவிடக் கூடியவை. ஒரு பக்க மூக்கில் மட்டும் துர்நாற்றத்துடன் சளி வந்தால், உள்ளே ஏதாவது மாட்டியிருக்கிறதா என்று காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் ஊக்கு, ஹேர்பின் கொண்டு நோண்ட வேண்டாம்.

வாங்கும்போது விலையுயர்ந்த பிராண்டுதான் வேண்டும் என்பதில்லை. நம் நாட்டில் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை 2021 ஜனவரி 1 முதல் கட்டாயம், அதைப் பாருங்கள். கடையில் மாதிரி இருந்தால் இரண்டு கட்டைகளைப் பொருத்திப் பிரித்துப் பாருங்கள். கட்டியது தானாகக் கழன்று விழுந்தாலும், பிரிக்கவே முடியாமல் இறுகினாலும் பிள்ளை சீக்கிரம் வெறுத்துவிடும். ஒரே படத்துக்கான பெட்டியை விட, பொதுவான கட்டைகளோடு சரிவுக் கட்டைகள், கீல்கள், பந்து கிண்ண மூட்டுகள் கொஞ்சம் கலந்த பெட்டி விலங்கு கட்டுவதற்கு உதவும். வளர்ந்த பிள்ளைகளின் வீட்டிலிருந்து பழையவற்றை வாங்கி, 40 டிகிரிக்கு மேல் போகாத வெதுவெதுப்பான சோப்பு நீரில் கழுவினாலும் போதும். கொதிநீர் ஊற்றினால் வடிவம் கெட்டுவிடும்.

வயதுக்கேற்ற கட்டைகளைப் பொருத்த முடியாமல் ஒரு கை மட்டுமே வேலை செய்வது, விரல்கள் சீக்கிரம் சோர்வது, எவ்வளவு காட்டியும் பிறரோடு சேர்ந்து விளையாட வராமல் இருப்பது, ஏற்கெனவே செய்துவந்ததைச் செய்ய முடியாமல் போவது ஆகியவற்றைப் பார்த்தால் "வளர வளரச் சரியாகிவிடும்" என்று தள்ளிப்போட வேண்டாம். குழந்தை மருத்துவரிடமோ ஆக்குபேஷனல் தெரபிஸ்டிடமோ காட்டுங்கள். தனியார் கட்டணம் கட்டுப்படியாகாது என்றால், தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் மாவட்ட அளவில் செயல்படும் ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இருக்கின்றன. அங்கே 18 வயது வரையிலான பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். போகும்போது பிள்ளை வீட்டில் தானாகக் கட்டிய ஒன்றைக் கழற்றாமல் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்லுங்கள். எங்களைப் போன்றவர்களுக்கு அதைப் பார்த்தாலே பல விஷயங்கள் புரியும்.