மீன்தொட்டியின் பின்கண்ணாடிக்குப் பெயின்ட் வேண்டாம்

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் வீடு, கடை, மருத்துவமனை வரவேற்பறை என்று மீன்தொட்டி அமைத்துக் கொடுத்துப் பராமரிப்பது என் தொழில். தொட்டி வாங்குகிறவர்கள் மீனுக்கும் விளக்குக்கும் பார்த்துப் பார்த்துச் செலவு செய்வார்கள். பின்கண்ணாடியை நினைப்பதே இல்லை. தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்ட பிறகுதான் பின்னால் தொங்கும் ஒயர், ஃபில்டர் குழாய், சுவரின் உதிர்ந்த பூச்சு எல்லாம் கண்ணை உறுத்தும். "தம்பி, வீட்டில் பெயின்டர் வேலை செய்துகொண்டுதான் இருக்கிறார். பின்பக்கம் ஒரு கறுப்புக் கோட்டிங் கொடுக்கச் சொல்லிவிடட்டுமா?" என்று கேட்பார்கள்.

வேண்டாம். வெளிப்பக்கம் அடிக்கிற பெயின்ட் தண்ணீரில் எப்படிக் கலக்கும் என்று வாதாடுவார்கள். பெயின்ட் கலக்காது, தின்னரின் ஆவி கலக்கும். ஏர் பம்ப் அறைக் காற்றைத்தான் உறிஞ்சிக் குமிழியாகத் தண்ணீருக்குள் விடுகிறது. அறையில் எனாமல் நெடி இருந்தால் அதுவும் சேர்ந்தே உள்ளே போகும். கிருஷ்ணகிரியில் ஒரு வரவேற்பறையில் சாயங்காலம் இரண்டு கோட்டிங் அடித்துவிட்டு, ஜன்னல்களைச் சாத்திப் பூட்டிப் போய்விட்டார்கள். பம்ப் இரவெல்லாம் ஓடியிருக்கிறது. காலையில் எனக்குத் தகவல் வந்தபோது ஏஞ்சல் மீன்கள் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தன. மற்றவை மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. கொசு மருந்து ஸ்பிரேக்கும் இது பொருந்தும். அதிலிருக்கும் பைரித்ராய்டு வகை மருந்து மனிதரைவிட மீனுக்குப் பல மடங்கு நஞ்சு. பின்னணிக்குச் சம்பந்தமில்லாத பேச்சுதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: ஸ்பிரே அடிக்கும் முன் பம்பை நிறுத்தித் தொட்டியை மூடுங்கள், நெடி போனதும் மறக்காமல் பம்பைப் போடுங்கள்.

இரண்டாவது காரணம் நம் ஊர்த் தண்ணீர். கிரானைட் பாறைக்கு அடியிலிருந்து வரும் போர் தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம். புளோரைடு பிரச்சினைக்காகவே 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இந்த இரண்டு மாவட்டங்களுக்கும் வந்தது. குடிப்பதற்கு அந்தத் தண்ணீர் வந்தாலும் தொட்டிக்குப் பலரும் போர் தண்ணீரையே ஊற்றுகிறார்கள். மூடியின் ஓரத்தில் தெறிக்கும் துளி பின்கண்ணாடி வழியாக இறங்கிக் காய்ந்தால் வெள்ளைக் கோடு விழும். பெயின்ட் அடித்த கண்ணாடியில் அந்த உப்பு விளிம்புக்கு அடியில் புகுந்து பெயின்ட்டைச் செதில் செதிலாகக் கிளப்பிவிடும். பிளேடு போட்டுச் சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழலாம். மூலையிலிருக்கும் சிலிக்கானில் பிளேடு பட்டால் கசிவு. பெயின்ட்டுக்குப் பதில் பின்னால் ஒட்டும் பிளாஸ்டிக் ஷீட்டாக இருந்தால் கழற்றி, வினிகர் தொட்ட துணியால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டலாம். கசிவு வந்தால் எங்கே என்று பார்க்கவும் முடியும்.

பின்னணியே வேண்டாமே என்றும் சிலர் கேட்பார்கள். வேண்டும். நாலாபுறமும் வெளிச்சம் வரும் தொட்டியில் மீன் மிரளும். பல மீன்கள் பின்புலத்துக்கு ஏற்பத் தோலின் நிறமிச் செல்களை விரித்தும் சுருக்கியும் கொள்ளும். வெளிறிய பின்புலத்தில் வெளிறும், இருண்ட பின்புலத்தில் நிறம் கூடும். பவளப்பாறைப் படத்தைவிட வெறும் கறுப்பையோ கருநீலத்தையோ நான் பரிந்துரைப்பது அதனால்தான். நன்னீர் கப்பிக்குப் பின்னால் கடல் பவளம் எதற்கு என்பது என் சொந்த எரிச்சல்; விட்டுவிடுகிறேன்.

கடையில் அடிக் கணக்கில் வெட்டித் தரும் பிளாஸ்டிக் பேக்ரவுண்டு ஷீட் போதும். அதை நான்கு மூலையிலும் செலோ டேப் போட்டு நிறுத்திவிட்டு, கடையில் பார்த்த கறுப்பு வீட்டில் சாம்பலாகத் தெரிகிறதே என்று குறைப்படுவார்கள். ஷீட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் நிற்கும் காற்றுதான் காரணம். கண்ணாடியிலிருந்து காற்றுக்கு, காற்றிலிருந்து ஷீட்டுக்கு என்று ஒவ்வொரு எல்லையிலும் கொஞ்சம் ஒளி திரும்பிவிடும். அங்கங்கே வெள்ளிபோலப் பளபளக்கும். பக்கக் கண்ணாடியில் இன்னும் மோசம். முன்னால் நின்று பார்த்தால் அது பெரும்பாலும் முகம் பார்க்கும் கண்ணாடியாகவே இருக்கும், ஒட்டிய ஷீட் தெரியவே தெரியாது.

மெடிக்கலில் கிடைக்கும் கிளிசரின் இதற்குக் கைகண்ட மருந்து. ஒளியை எவ்வளவு வளைக்கும் என்பதைச் சொல்லும் ஒளிவிலகல் எண் அதற்கு 1.47, கண்ணாடியின் எண் சுமார் 1.52, இரண்டும் நெருங்கியிருப்பதால் எல்லையே இல்லாததுபோல் ஒளி கடந்துபோகும். சோப்புத் தண்ணீர் சில நாளில் காய்ந்து திட்டுத் திட்டாகும். கிளிசரின் அப்படிக் காயாது. ஷீட்டை அகலத்திலும் உயரத்திலும் சில மில்லிமீட்டர் குறைத்து வெட்டுங்கள். சிலிக்கான் மேடு தட்டினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். கண்ணாடியைத் துடைத்து நன்றாக உலரவிடுங்கள். இரண்டடித் தொட்டிக்கு இரண்டு தேக்கரண்டி கிளிசரின் தாராளம். மெல்லப் பரப்பி, அச்சுப் பக்கம் கண்ணாடியைப் பார்க்கும்படி ஷீட்டை மேலிருந்து இறக்கி, காலாவதியான ஏடிஎம் கார்டால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி வழியுங்கள். குமிழி ஓடும்போதே நிறம் சட்டென்று ஆழமாவதைப் பார்க்கலாம். வழிந்ததைத் துடைத்துவிட்டுச் சுற்றிலும் டேப் ஒட்டுங்கள்; மேல் விளிம்பில் ஓர் அங்குலம்கூட இடைவெளி விடாதீர்கள், துளி இறங்குவது அந்த வழியில்தான். சார்ட் பேப்பருக்கும் சாதாரணப் பிரிண்ட்டுக்கும் இந்த முறை ஆகாது, ஊறிப்போகும்.

கிளிசரினுக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவலாமா என்றால், கோடையில் குறையில்லை. ஓசூரிலிருந்து ஒரு பையன் டிசம்பரில் அழைத்தான்: "அண்ணா, கண்ணாடிக்கும் ஷீட்டுக்கும் நடுவில் வெள்ளைப் பூஞ்சை பிடித்துவிட்டது." போய்ப் பார்த்தால் எண்ணெய் உறைந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே கட்டியாகிவிடும். ஓசூர்க் குளிருக்கு அது தாங்குமா?

தொட்டிக்கு உள்ளே ஒட்டும் பாறைப் பின்னணிதான் எனக்கு அதிக பயம். தெர்மோகோலைச் செதுக்கி, சிமென்ட் பூசி, வீட்டிலேயே செய்கிறார்கள். கைத்திறன் அருமையாக இருக்கிறது. ஆனால் தெர்மோகோல் மிதக்கும். காலி கண்ணாடியில் சிலிக்கானால் முழுப் பரப்பும் ஒட்டாமல் தண்ணீர் விட்டால் என்றாவது ஒருநாள் பிய்த்துக்கொண்டு மேலே வரும். விளிம்பில் விரல் நுழையும் இடைவெளி இருந்தால் மீன் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்ளும். செத்து அழுகித் தண்ணீர் நாறும்வரை தெரியாது. புது சிமென்ட்டைப் பல நாள் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையென்றால் காரத்தன்மை ஏறும். சிலிக்கானிலும் கவனம்: குளியலறைக்கென்று விற்கும் பூஞ்சைத் தடுப்பு வகையில் நச்சு மருந்து சேர்த்திருப்பார்கள், அதைத் தொடவே கூடாது. மீன்தொட்டிக்கு உகந்தது என்று போட்டிருப்பதை வாங்கி, காடி வாடை முற்றிலும் போகும்வரை காயவிடுங்கள்.

தண்ணீர் நிரம்பிச் சுவரோரம் நிற்கும் தொட்டிக்கு என்ன செய்வது? நகர்த்தாதீர்கள். 36க்கு 15க்கு 18 அங்குலத் தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஏறக்குறைய 160 கிலோ. ஓர் ஓரத்தைத் தூக்கி இழுத்தால் அடிக்கண்ணாடியில் விரிசல் விழும், ஒட்டும் விடும். ஸ்டிக்கர் கடையில் 3 மில்லிமீட்டர் சன்போர்டில் (விளம்பரப் பலகைக்குப் போடும் லேசான பிளாஸ்டிக் அட்டை) பளபளப்பில்லாத கறுப்பு வினைலை ஒட்டித் தரச் சொல்லி, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவில் மேலிருந்து செருகிவிடுங்கள். கிளிசரின் போட்ட ஆழம் வராது. ஒயரும் சுவரும் மறைந்துவிடும். அடுத்த முறை தொட்டியைக் காலி செய்து கழுவும்போது ஷீட் ஒட்டிக்கொள்ளலாம்.